‘லெவீ’ என்னும் சொல்: அரண்மனையிலிருந்து ஆற்றங்கரை வரை

 

வெள்ளிவிழா மேடையில் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றால் உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். இதற்கோர் காரணம் உண்டு. நம் மாலை நேர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் தம் பாடத்தில் ‘லெவீ’ என்னும் சொல்லைக் கண்டு அகராதியைப் புரட்டினார். அங்கே இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, அரசர் காலையில் பிறரைக் கண்டு பேசும் ஓலக்கம். மற்றொன்று, ஆற்று வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரை. அரசருக்கும் மண்கரைக்கும் என்ன தொடர்பு என்று அவருக்கு விளங்கவில்லை. அச்சுப்பிழையோ, அன்றித் தம் அறிவுக்குறையோ என்று ஐயுற்றுப் பத்து நாட்கள் வாய் திறவாமல் இருந்தார். பதினோராம் நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். வகுப்பு நடத்தும் எங்களுக்கும் விடை தெரியவில்லை. நூலகத்திற்குச் சென்று தேடினோம். அந்தத் தேடலின் பயனே இவ்வுரை.

அந்த மாணவர் கேட்டது நல்ல கேள்வி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அச்சுப்பிழை எதுவுமில்லை, அவர் அறிவிலும் குறையில்லை. அவர் விரல் வைத்த இடத்தில் முந்நூறு ஆண்டு வரலாறு இருந்தது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் ‘லெவிஸ்’ என்றால் கனமற்றது என்று பொருள். அதிலிருந்து ‘லெவாரே’, அதாவது இலேசாக்குதல், உயர்த்துதல் என்னும் வினை பிறந்தது. அது பிரெஞ்சு மொழியில் ‘லெவே’ ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் இவ்வினையிலிருந்து இரு பெயர்ச்சொற்களை ஆக்கிக்கொண்டனர். படுக்கையை விட்டு எழுதல் ஒன்று. உயர்த்தப்பட்டது, மேலே எழுப்பப்பட்டது என்பது மற்றொன்று. எழுத்தில் இவை வேறு வேறு. ஒலியில் ஏறத்தாழ ஒன்றே. ஆங்கிலேயர் இரண்டையும் தனித்தனியே கடன் வாங்கி ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதினர். ஆகவேதான் அகராதியில் அரசரும் மண்கரையும் ஒரே தலைப்பில் அருகருகே நிற்கின்றனர்.

இது தமிழருக்கு எளிதில் விளங்கக் கூடியதே. ‘குழந்தையை எழுப்பினாள்’ என்கிறோம். ‘சுவரை எழுப்பினான்’ என்றும் சொல்கிறோம். துயில் எழுப்புவதற்கும் கட்டடம் எழுப்புவதற்கும் நம்மிடமும் ஒரே சொல்தான் இருக்கிறது. மன்னரைத் துயிலெழுப்பும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் அதைத் துயிலெடை நிலை எனக் குறிக்கிறது. எனவே ‘லெவீ’ என்பதற்கு ‘எழுச்சி’ என்றும் ‘எழுப்பியது’ என்றும் தமிழில் பொருள் கொண்டால் புதிர் பாதி அவிழ்ந்துவிடும்.

இனி முதற்பொருளைக் காண்போம். பிரான்சு நாட்டின் பதினான்காம் லூயி மன்னர் 1682ஆம் ஆண்டு தம் அரசவையை வெர்சாய் அரண்மனைக்கு மாற்றினார். அங்கே அவர் காலையில் கண்விழிப்பதே ஓர் அரசு நிகழ்ச்சியாக நடந்தது. முதலில் சிறு எழுச்சி, பின்னர் பெரு எழுச்சி என்று அதில் படிகள் இருந்தன. யார் முதலில் அறைக்குள் நுழையலாம், யார் பின்னர் நுழையலாம் என்பதற்கு விதிகள் இருந்தன. மன்னருக்குச் சட்டையை எடுத்துக் கொடுப்பது பெரும் பிரபுக்களுக்கு உரிய மதிப்பாகக் கருதப்பட்டது. எந்த வாயில் வரை ஒருவர் அனுமதிக்கப்படுகிறார் என்பதே அவர் தகுதிக்கு அளவுகோல். வாயிலில் நிறுத்தி வைக்கப்படுவதன் பொருளை நம் பாட்டனார்கள் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருந்தனர்.

இவ்வழக்கம் இங்கிலாந்துக்கும் பரவியது. அங்கே ‘லெவீ’ என்பது நாளடைவில் படுக்கையறையை விட்டு வெளியேறி, அரசர் ஆடவரை மட்டும் வரவேற்கும் பகற்பொழுது ஓலக்கமாயிற்று. இந்தியாவை ஆண்ட வைசிராய்களும் ‘லெவீ’ நடத்தினர். அமெரிக்கக் குடியரசின் முதல் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் செவ்வாய்க்கிழமைதோறும் ‘லெவீ’ நடத்தினார். இது முடியரசின் வாடை என்று கருதிய தாமஸ் ஜெஃபர்சன் தம் காலத்தில் அதைக் கைவிட்டார். கனடாவில் புத்தாண்டு நாளில் ‘லெவீ’ என்னும் பெயரில் வரவேற்பு நடத்தும் வழக்கம் இன்றும் உள்ளது.

இரண்டாம் பொருள் பிறந்த இடம் வேறு. வெர்சாய்க்கு அரசவை மாறிய அதே 1682ஆம் ஆண்டில், லாசால் என்னும் பிரெஞ்சுப் பயணி மிசிசிப்பி ஆற்றின் கழிமுகத்தை அடைந்து, அந்நிலப்பரப்பு முழுவதையும் தம் மன்னருக்கு உரியது என அறிவித்து, அவர் பெயராலேயே லூசியானா என்று பெயரிட்டார். அங்கே வழிவழியாக வாழ்ந்த பழங்குடி மக்களை எவரும் கேட்கவில்லை. 1718ஆம் ஆண்டு பியென்வில் என்பவர் அந்த ஆற்றின் வளைவொன்றில் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு அடிகோலினார்.

இவ்விடத்தில் ஆற்றின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். வண்டல் சுமந்து வரும் பேராறு கரை மீறும்போது அதன் வேகம் குறைகிறது. பருமணல் கரையோரத்திலேயே முதலில் படிகிறது. நுண்ணிய சேறு தொலைவு சென்று படிகிறது. ஆண்டாண்டாக இவ்வாறு நிகழ, ஆற்றின் ஓரம் உயர்ந்தும், உள்ளே செல்லச் செல்ல நிலம் தாழ்ந்தும் அமைகிறது. அந்த ஓர மேட்டுக்கு ‘இயற்கை லெவீ’ என்று புவியியலார் பெயரிட்டுள்ளனர். நியூ ஆர்லியன்ஸின் பழைய நகரம் அந்த மேட்டின்மேல் அமைந்தது. பின்னால் இருந்த சதுப்பும் பள்ளமும் பிற்காலத்தில் பெரும்பாலும் ஏழைகளின் குடியிருப்பாயின. மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்பதை இவ்வவைக்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

அந்த மேடும் வெள்ளத்திற்குப் போதவில்லை. எனவே அதன்மேல் மண் கொட்டிக் கரையை உயர்த்தினர். பிரெஞ்சுக்காரர் அதை ‘உயர்த்தப்பட்டது’ என்னும் பொருளில் ‘லெவே’ என்றனர். ஆங்கிலேயர் வாயில் அது ‘லெவீ’ ஆயிற்று. 1727 அளவில் நகரின் முன்னே ஏறத்தாழ ஒரு மைல் நீளத்திற்குக் கரை எழுந்திருந்தது. தத்தம் நிலத்தின் முன்னுள்ள கரையை நில உரிமையாளரே கட்டவேண்டும் என்பது விதி. 1743இல் பிறந்த ஆணை, கட்டத் தவறியவரின் நிலம் பறிமுதலாகும் என்றது.

ஆணை உரிமையாளருக்கு இடப்பட்டது. மண் சுமந்தவர் உரிமையாளர் அல்லர். 1719 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்கள் லூசியானாவுக்கு வந்தன. தம் ஊரையும் உறவையும் பறிகொடுத்து வந்த அம்மக்களே மண்வெட்டி பிடித்தனர், கூடை சுமந்தனர். வெர்சாயில் ஒருவர் எழுவதற்காக நூறு பேர் காத்து நின்றனர். மிசிசிப்பியில் ஒரு கரை எழுவதற்காக ஆயிரமாயிரம் பேர் குனிந்து நின்றனர். இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே வேர்ச்சொல்லால் குறிக்கப்பட்டன. இதையே நம் மாணவர் அகராதியில் கண்டு திகைத்தார்.

இவ்வேரிலிருந்து கிளைத்த வேறு சில ஆங்கிலச் சொற்களையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பாரத்தை உயர்த்தும் நெம்புகோல் ‘லீவர்’. மேல்தளத்திற்கு ஏற்றிச்செல்லும் பொறி ‘எலிவேட்டர்’. மாவை உப்பச்செய்யும் புளிப்பு ‘லெவன்’. வரி தண்டுதலும், ஆட்களைக் கட்டாயமாகத் திரட்டுதலும் ‘லெவி’. துன்பத்தின் பாரத்தைக் குறைத்தல், அதாவது நிவாரணம், ‘ரிலீஃப்’. கரை, கட்டாயத் திரட்டல், நிவாரணம் ஆகிய மூன்றும் உடன்பிறந்த சொற்கள். இம்மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் சந்தித்துக்கொண்ட ஆண்டு ஒன்று உண்டு. அதுவே 1927.

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் கரை வேலை கறுப்பின மக்களின் தோளை விட்டு இறங்கவில்லை. ‘லெவீ முகாம்’ எனப்பட்ட கூடாரங்களில் கறுப்பினக் கூலிகளும், சிறையிலிருந்து குத்தகைக்கு விடப்பட்ட கைதிகளும் கோவேறு கழுதைகளோடு உழைத்தனர். 1879இல் மிசிசிப்பி ஆற்று ஆணையம் அமைந்தது. பொறியாளர் பலர் ஒரு கொள்கையில் உறுதியாக நின்றனர். ஆற்றை இரு கரைக்குள் அடக்கினால், வேகமுற்ற நீர் தன் படுகையைத் தானே அரித்து ஆழமாக்கிக்கொள்ளும். ஆகவே கரை ஒன்றே போதும், வடிகால் வழிகள் வேண்டா என்பது அக்கொள்கை. உண்மையில் நடந்தது வேறு. பரவ இடமின்றி நெருக்கப்பட்ட வெள்ளத்தின் மட்டம் உயர்ந்தது. மட்டம் உயர உயரக் கரையை மேலும் உயர்த்தினர். கரை உயர உயர, உடையும்போது விளையும் அழிவும் பெரிதாயிற்று.

1927 ஏப்ரல் 21ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் நகருக்கு வடக்கே, மவுண்ட்ஸ் லேண்டிங் என்னும் இடத்தில் கரை உடைந்தது. உடையும் நேரம்வரை அங்கே மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளரைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி வைத்திருந்தனர். அவ்வெள்ளத்தில் பல மாநிலங்களிலுமாக ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலம் மூழ்கியது. ஆறு இலட்சத்திற்கு மேற்பட்டோர் வீடிழந்தனர்.

கிரீன்வில்லில் எஞ்சிய மேட்டுநிலம் அந்தக் கரை ஒன்றே. பதின்மூவாயிரம் பேருக்கு மேல் அதன்மேல் ஏறி நின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் கறுப்பினக் குத்தகை உழவர்கள். அவர்களை ஏற்றிச்செல்லப் படகுகள் வந்தன. ஆனால் வெள்ளையரே பெரும்பாலும் ஏற்றிச் செல்லப்பட்டனர். கறுப்பின உழவர் ஊரை விட்டுச் சென்றால் திரும்பி வரமாட்டார், பருத்தி வயலுக்கு ஆள் கிடைக்காது என்று நிலவுடைமையாளர் அஞ்சியதே இதற்குக் காரணம். முகாமைச் சுற்றி ஆயுதப் படையினர் காவல் நின்றனர். தொழிலாளர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. நிவாரண உணவு வேண்டுமென்றால் கூலியின்றி வேலை செய்யவேண்டும் என்றனர். இரவெல்லாம் உழைத்து வந்து, மீண்டும் வேலைக்கு வர மறுத்த ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றார். கரையும் கட்டாயத் திரட்டலும் நிவாரணமும் ஒரே இடத்தில் சந்தித்தன என்று நாம் சொன்னது இதனையே. பாரத்தை இலேசாக்குதல் என்று பொருள்படும் சொல்லாலேயே பாரம் ஏற்றப்பட்டது.

அதே ஏப்ரல் 29ஆம் நாள், நியூ ஆர்லியன்ஸைக் காப்பதற்காக என்று கூறி, அதற்குக் கீழே கேர்னார்வன் என்னுமிடத்தில் கரையை வெடிவைத்துத் தகர்த்தனர். அக்கீழ்ப்பகுதியில் வாழ்ந்தோர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் பிழைத்த ஏழைகள். உரிய இழப்பீடு தருவதாக அளித்த வாக்கு நிறைவேறவில்லை. மேற்பகுதியில் வேறு இடங்களில் கரை உடைந்து வெள்ளம் தணிந்தமையால் இவ்வெடிப்பே தேவைப்பட்டிருக்கவில்லை என்பது பின்னர்த் தெரிந்தது. 1928இல் வந்த வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டம் ‘கரை ஒன்றே போதும்’ என்னும் கொள்கையைக் கைவிட்டு, வெள்ளத்தைப் பிரித்துவிடும் வழிகளுக்கும் இடமளித்தது.

இளைஞர்களே! இங்கே ஒரு செய்தியை நீங்கள் சிறப்பாக மனத்திற் கொள்ளவேண்டும். கரை முகாம்களில் நடந்தவை நெடுங்காலம் வெளியுலகிற்கு எட்டவில்லை. 1932ஆம் ஆண்டின் இறுதியில் ராய் வில்கின்ஸ், ஜார்ஜ் ஸ்கைலர் என்னும் இரு கறுப்பினப் படிப்பாளிகள் கூலியாட்களைப் போல உடுத்திக்கொண்டு லெவீ முகாம்களுக்குச் சென்றனர். ஆபத்து அறிந்தே சென்றனர். கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், முகாம் கடையில் கடன் எவ்வாறு ஏறுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டறிந்து திரும்பி வந்து எழுதினர். செனட் அவையில் அக்கேள்வி எழுந்தது. பின்னர்க் கூலியும் வேலை நேரமும் திருத்தப்பட்டன. தோள்வலிமை கரையை எழுப்பியது. எழுத்துவலிமை கரையை எழுப்பியவருக்காகப் பேசியது. படித்தவர் முகாமைத் திரும்பிப் பாராமல் இருந்திருந்தால் அம்மாற்றம் வந்திராது.

2005 ஆகஸ்ட் 29ஆம் நாள் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸின் கரைகளும் வெள்ளச் சுவர்களும் பல இடங்களில் உடைந்தன. நகரின் எண்பது விழுக்காடு நீரில் மூழ்கியது. பள்ளமான பகுதிகளில் வாழ்ந்த ஏழைக் கறுப்பின மக்கள் பேரிழப்புக்கு உள்ளாயினர். வடிவமைப்பில் பிழை இருந்தது என்பதை அமெரிக்கப் படையின் பொறியாளர் பிரிவே அடுத்த ஆண்டில் ஒப்புக்கொண்டது. வெள்ளத்தை இயற்கை தருகிறது. அது யார் வீட்டில் நுழையவேண்டும் என்பதை மனிதர் தீர்மானிக்கின்றனர்.

இவை கடல் கடந்த செய்திகள்தாமே என்று எண்ணிவிட வேண்டா. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் கட்டாய உழைப்பைச் சட்டபூர்வமாக்கியது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையும் நிலை வந்தால் ஊரில் உள்ள உழைக்கும் மக்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றது அச்சட்டம். ‘லெவி’ என்னும் சொல்லின் பொருள் இங்கும் நடைமுறையில் இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் அவர்களும் இக்கரைப் பிரச்சினையை ஆராய்ந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். நீர்வளத் திட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. 1943இல் தாமோதர் ஆற்றின் கரை உடைந்து வங்காளத்தில் பெருஞ்சேதம் விளைந்தது. 1945 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த தாமோதர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டம் அவர்கள் முன் எடுத்துக்காட்டாக இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் கட்டாக்கில் ஒரிசா ஆறுகள் பற்றிப் பேசியபோது, மிகுதியான நீரைத் தீமையாகக் கருதி விரட்டும் பழைய எண்ணத்தை அவர் மறுத்தார். நீர் மக்களின் செல்வம். அதைத் தேக்கிப் பாசனத்திற்கும் மின்சாரத்திற்கும் போக்குவரத்திற்கும் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் வாதம். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் சட்டத்தால் அமைந்தது. பெரிய அணைகளால் நிலமிழந்தோரின் துயரம் பின்னர் வெளிப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயினும் நாம் கருதவேண்டியது இது: பொதுக்குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காக 1927 மார்ச்சு மாதம் மகாதில் மக்களைத் திரட்டிச் சென்றவர், பதினெட்டு ஆண்டுகளில் ஒரு நாட்டின் ஆறுகளைப் பற்றி முடிவெடுக்கும் அவையில் தலைமை ஏற்றார். அவரை அங்கே உயர்த்தியது கல்வி.

மகாது நிகழ்ந்ததும் 1927. மிசிசிப்பியில் கரை உடைந்ததும் 1927. இரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஒரு மாதமே இடைவெளி. ஒன்றுக்கொன்று நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் நீரின் ஓரத்தில் மனிதர் மனிதரை நிறுத்தி வைத்த இடங்கள் உலகில் ஒன்றல்ல என்பதை அவ்வாண்டு நமக்குக் காட்டுகிறது.

இனி, தொடங்கிய இடத்திற்கே வருவோம். நம் மாணவர் பத்து நாட்கள் ஏன் மௌனமாக இருந்தார்? கேட்டால் நகைப்பார்களோ என்னும் அச்சம். அவ்வச்சம் அவருடன் பிறந்ததன்று. வாயிலில் நிறுத்தி நிறுத்தி நமக்குக் கற்பிக்கப்பட்டது. அதை நீக்குவதற்காகவே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தொடங்கப்பட்டது. விடை தெரியாத ஆசிரியர்களாகிய நாங்களும் அன்று வெட்கப்படவில்லை. மாணவருடன் சேர்ந்து நூலகத்திற்கு நடந்தோம். ஆங்கிலம் எவருடைய குடும்பச் சொத்தும் அன்று. இலத்தீனிலும் பிரெஞ்சிலும் கடன் வாங்கி வளர்ந்த மொழி அது. அதன் சொற்களுக்குள் அரசர்களும் இருக்கிறார்கள். மண் சுமந்தவர்களும் இருக்கிறார்கள். அகராதி அரசரை முதலில் எழுதலாம். படிக்கும் நாம் இரண்டாம் பொருளையும் விடாமல் படிக்கவேண்டும்.

மாணவ மாணவியருக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. விளங்காத சொல்லைக் கண்டால் அதன் வேரைத் தேடுங்கள். ஒரு வேர் பத்துச் சொற்களைத் தரும். ஐயம் எழுந்தால் அன்றே கேளுங்கள். பதினோராம் நாள்வரை காத்திருக்க வேண்டா.

‘லெவீ’ என்றால் உயர்த்தப்பட்டது என்று பொருள். நம் முன்னோர் பிறருடைய கரைகளை உயர்த்தினர். இக்கழகத்தின் பெரியோர் நம்மை உயர்த்தினர். அடுத்து வருபவரை உயர்த்துவது உங்கள் கடமை.